டோக்கன் கணக்கில் வராத வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் என் தாயாரை ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எங்கள் டோக்கன் எண் 43. மருத்துவர் அறை வாசலில் 41ஐ அழைத்த பிறகு, இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்தபடி ஐந்து பேர் "ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" என்று சொல்லி ஒருவர்பின் ஒருவராக உள்ளே சென்றார்கள். அவர்களைக் குறைகூற இயலாது. அவர்களும் காலையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களே. "நாமளும் ரத்தம் குடுத்துட்டு வந்திருந்தா முன்னாடியே போயிருக்கலாம்" என்றார் என் தாயார்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தின் அழைப்புகளை ஆராய்ந்து 1909இல் டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டில் இதற்குக் கணக்கு உண்டு. மணிக்கு 20 பேர் வருகிறார்கள், மருத்துவரால் 30 பேரைப் பார்க்க முடியும் என்று கொள்வோம். வருகையும் பார்க்கும் நேரமும் முன்கூட்டிக் கணிக்க முடியாதவை என்று கொள்ளும் எளிய மாதிரியில், பார்க்கப்படுபவரையும் சேர்த்துச் சராசரியாக 2 பேர் இருப்பார்கள். காத்திருப்பையும் சேர்த்து ஒருவருக்கு ஆகும் நேரம் 6 நிமிடம். பார்த்து அனுப்பப்படுவோரில் (திரும்பி வந்தவர்களையும் சேர்த்து) நான்கில் ஒருவர் பரிசோதனை முடிவுடன் திரும்பி வந்தால், மருத்துவர் முன் அமர்வோர் மணிக்கு ஏறத்தாழ 27 ஆகின்றனர். வரிசையோ 8 பேராக நீள்கிறது, ஆய்வகத்தில் கழிவது போக ஒருவருக்கு 24 நிமிடம் ஆகிறது. மூன்றில் ஒருவர் திரும்பினால் மணிக்கு மருத்துவர் முன் அமர்வோர் எண்ணிக்கை 30ஐத் தொட்டுவிடும். அதன்பின் வரிசை நீண்டுகொண்டே போகும். டோக்கன் கொடுப்பவரின் ஏட்டில் அப்போதும் 20தான் இருக்கும்.

முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை தருவது முறையே. ஆனால் முன்னுரிமை மருத்துவரின் வேலையைக் குறைப்பதில்லை. ஒருவர் முந்தினால் அந்தக் காத்திருப்பு மற்றவர்கள் தலையில் விழுகிறது. ரிப்போர்ட் பார்ப்பது சிறிது நேர வேலை என்றால் அதை முதலில் முடிப்பது மொத்தச் சராசரியைக் குறைக்கும் என்பது உண்மைதான் என்றாலும், வாசலில் நிற்கும் உதவியாளரின் தயவுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே, திரும்பி வருவோருக்கு வேறு நிறத்தில் டோக்கன் கொடுத்து, மூன்று புதியவர்களுக்குப் பின் ஒருவர் என்று அழைக்கலாம். நான்கில் ஒருவர் திரும்பும் பிரிவுக்கு இந்த விகிதம் சரியாகப் பொருந்தும். மற்றப் பிரிவுகளில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம். காலையில் எத்தனை டோக்கன் தருவது என்பதையும் ஆட்களை வைத்து அல்லாமல் மருத்துவரைப் பார்க்கும் தடவைகளை வைத்துத் தீர்மானிக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் விரிவுரையாளர்,
மதுரை.