எட்னாவின் அடிவாரத்தில் இருப்பவர்கள் போக்கிடமற்றவர்கள் அல்லர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 2ஆம் திகதி இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள எட்னா எரிமலை வெடித்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை மூன்று தடவை வாசித்தேன். "வேறு போக்கிடமில்லாத ஏழைகளே எரிமலையின் காலடியில் கிடக்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி. அன்றிரவே வவுனியாவிலிருந்து என் தங்கை அழைத்தாள். "அக்கா, இத்தனை வருடமும் எங்களிடம் மறைத்துவிட்டீர்களா?" என்று அழுதாள். அவளைத் தேற்றி முடிக்க நள்ளிரவாகிவிட்டது.

நான் 24 வருடங்களாக, எட்னா நிற்கும் கத்தானியா மாகாணத்தில் இருக்கிறேன். மலைச்சரிவில் சஃபெரானாவுக்கு அருகே 88 வயது அம்மையார் ஒருவரைப் பராமரிக்கிறேன். அவரோ அயலவர்களோ 'எட்னா' என்று சொல்லி நான் கேட்டது குறைவு. 'மலை' என்பார்கள், அதையும் பெண்பாலில். அவருடைய தாயார் மஸ்காலி ஊரவர். 1928 நவம்பரில் எரிமலைக் குழம்பு அந்த ஊரை மூடியது. அது மெதுவாக ஊர்ந்து வந்ததால், கதவு, யன்னல், கூரை ஓடு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு சனங்கள் வெளியேறினார்கள். அந்தக் கதவுகளில் ஒன்று இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. கீழ்ப்புறம் ஒரு சாண் அளவுக்குப் புதுப் பலகை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாள்தோறும் அதைத் திறந்து மூடுகிறவள் நான். மஸ்காலியைச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். கத்தானியா நகரமும் அப்படித்தான். 1669இல் குழம்பு நகர மதில் வரை வந்து கடலில் இறங்கியது. கடலோரம் நின்ற உர்சீனோ கோட்டை இன்று ஊருக்குள் நிற்கிறது. 1693இல் நிலநடுக்கம் மிச்சத்தையும் இடித்தது. குழம்பு இறுகிய கறுப்புக் கல்லையே வெட்டியெடுத்து மறுபடி கட்டினார்கள். நகர முற்றவெளியில் நிற்கும் யானைச் சிலையும் அதே கல்தான்.

அங்கே என்ன பிழைப்பு என்று உங்கள் கட்டுரையாளர் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். மலைச்சரிவில் உள்ள புரொந்தே ஊரில் கரும்பாறை இடுக்குகளில் பிஸ்தா காய்க்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் பறிப்பார்கள். எங்கள் சரிவெல்லாம் திராட்சை. கீழே சமவெளியில் உள்ளே இரத்தச் சிவப்பான தோடம்பழம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறிப் பட்டால்தான் அந்த நிறம் வரும். நகரத்தருகே மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். இளைஞர்கள் வேலை தேடி மிலானுக்குப் போவது உண்மைதான். ஆனால் மலைக்குப் பயந்து போன ஒருவரையும் நான் கண்டதில்லை.

கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை மலை பொங்கியது. ஒவ்வொரு தடவையும் கூரையிலும் பீலியிலும் கறுப்பு மணல் நிறையும். ஈரத்துணியால் துடைத்தால் தரை கீறுப்பட்டுவிடும் என்று, முதலில் தும்புத்தடியால் கூட்டிச் சாக்கில் கட்ட வேண்டும். ஒரு சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 2018 டிசம்பர் 26 அதிகாலை நிலம் நடுங்கி எங்கள் ஊர்ச் சுவர்கள் பிளந்தபோது, அம்மையாரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அந்த அனுபவத்தை அப்போதே உங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை. பதிலும் இல்லை. அந்த வாரம் 'பலெர்மோ அருகே நிலநடுக்கம்' என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. இந்தத் தடவையும் 'பலெர்மோவின் எட்னா' என்றே இருக்கிறது. பலெர்மோ என்பது தீவின் மறுகரையில், வீதி வழியே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். அங்கே நம்மவர்கள் பெருந்தொகையாக இருப்பதும், சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்கு மலையேறிப் போவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் சிசிலி முழுவதையுமே பலெர்மோ என்று எழுதிவிடுவதா?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபரில் போருக்குத் தப்பி நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோம். அதற்கு முன்னும் பின்னும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் எங்களைப் பற்றியும் இதையே கேட்டார்கள்: இன்னும் ஏன் அங்கே இருக்கிறார்கள்? கிணறும் வளவும் பனையும் இருந்ததால் இருந்தோம். அந்தக் கேள்வி எங்களை எப்படிச் சுட்டது என்பதை அறிந்த பத்திரிகை உங்களுடையது. அதே கேள்வியை நீங்கள் இன்னொரு சனத்தின் மீது போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபது வருடச் சந்தாதாரி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எட்னா கத்தானியா மாகாணத்தில் இருக்கிறது என்றும், அந்த ஒரு வரி தவறு என்றும் அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதைக் கத்தரித்துத் தங்கைக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
கத்தானியாவிலிருந்து ஒரு வாசகி