பிரெடிக்டட் கிறேட் பிழைச்சா திருத்தித் தாங்கோ: சிக்ஸ்த் ஃபோர்ம் பொறுப்பாளர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிக்ஸ்த் ஃபோர்ம் (12, 13ஆம் வருச வகுப்பு) பொறுப்பாளர்மாருக்கு,

வணக்கம். நான் லண்டனில ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பெரிய வகுப்புப் பிள்ளையளோட மினக்கெடுற ஆள். தமிழ் படிப்பிக்கிறது ஒரு பக்கம், ஒவ்வொரு செப்டெம்பரும் யூனிவேர்சிட்டிக்கு அப்ளை பண்ணுற யூகாஸ் ஃபோர்மைத் தூக்கிக் கொண்டு வாற பிள்ளையளுக்குப் பக்கத்தில இருந்து பாத்துக் குடுக்கிறது மற்றப் பக்கம். உங்களில கன பேருக்கு இந்தக் கடிதத்தை வாசிக்க ஏலாது எண்டு தெரியும். ஆனா உங்கட ஸ்டாஃப் ரூமிலயே எங்கட ஆக்கள் இருக்கினம், அவை வாசிச்சுச் சொல்லட்டும்.

விசயம் பிரெடிக்டட் கிறேட், அதாவது பிள்ளை ஏ லெவலில என்ன எடுக்கும் எண்டு நீங்கள் முன்கூட்டியே போடுற கணிப்பு. அதைக் கூடப் போடுங்கோ எண்டு கேக்க வரேல்ல, அதை முதலே சொல்லிப் போடுறன், ஏனெண்டா இந்தச் சொல்லைக் கேட்ட உடனயே உங்கட முகம் மாறுறது எனக்குத் தெரியும்.

எங்கட தாய் தேப்பனுக்கு இந்த முறையே முழுசா விளங்கிறேல்ல. ஊரில, இலங்கையில, சோதனை எழுதி, றிசல்ட் வந்து, இசட் ஸ்கோர் (பாடத்துக்குப் பாடம் மார்க்ஸைச் சமப்படுத்திப் போடுற புள்ளி) வந்து, அதுக்குப் பிறகுதான் கம்பஸ் கதை. இங்க ஏ லெவல் சோதனை மே, ஜூனில, ஆனா அப்ளிகேஷன் அதுக்கு முந்தின ஒக்ரோபரிலயும் ஜனவரியிலயும் போய் முடிஞ்சிடும். மெடிசின், டென்டிஸ்ட்றி, ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிறிட்ஜ் எண்டா ஒக்ரோபர் 15. அப்ப யூனிவேர்சிட்டிக்காரன் எதைப் பாக்கிறான்? பிள்ளையின்ர ஜிசிஎஸ்ஈ (11ஆம் வருசத்தில எழுதின சோதனை), அவையே எழுதின ஸ்டேட்மென்ட், பிறகு நீங்கள் எழுதுற ரெஃபரன்ஸும் மூண்டு பாடத்துக்கும் நீங்கள் போடுற அந்த மூண்டு எழுத்தும். முந்தி ஏஎஸ் சோதனை எண்டு ஒண்டு 12ஆம் வருசத்திலயே நடந்து அந்த றிசல்ட்டும் ஃபோர்மில ஏறும், அது ஒரு சாட்சி மாதிரி. 2015இல இருந்து இங்கிலாந்தில அதை ஏ லெவலில இருந்து பிரிச்சு விட்டினம், கனக்கப் பள்ளிக்கூடம் இப்ப ஏஎஸ் நடத்திறதே இல்லை. ஆக அந்தப் பிள்ளை இந்த ரெண்டு வருசத்தில என்ன செய்யுது எண்டதுக்கு ஃபோர்மில இருக்கிற ஒரே கிறேட் நீங்கள் போடுறதுதான். பிள்ளை ஃபோர்மை நிரப்பி, காசைக் கட்டி, உங்களுக்கு அனுப்புது. கிறேட்டைப் போடுறதும் கடைசி பட்டனை அமத்துறதும் நீங்கள்.

கணிப்பு பிழைக்கும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். 2016இல கில் வைனஸ் எண்ட ஆய்வாளர், லண்டன் யுசிஎல் யூனிவேர்சிட்டிக்காரர், விரிவுரையாளர் சங்கம் யுசியூவுக்காக மூண்டு வருச டேட்டாவை எடுத்துப் பாத்தவ. ஏ லெவலில நல்ல மூண்டு கிறேட்டும் சொன்ன மாதிரியே வந்தது 100இல 16 பேருக்குத்தான். 75 பேருக்குக் கூடப் போட்டிருந்தது, 9 பேருக்குக் குறையப் போட்டிருந்தது. அதுக்குள்ள இன்னொரு விசயம் இருக்கு, அதுதான் எனக்கு நெஞ்சில தைச்சது: ஏஏபி (ரெண்டு ஏ, ஒரு பி) அல்லது அதுக்கு மேல எடுத்த கெட்டிக்காரப் பிள்ளையளில, வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளையளுக்கு ஏறக்குறைய நாலில ஒருத்தருக்குக் குறைச்சுப் போட்டிருந்தது, வசதியான வீட்டுப் பிள்ளையளில அது அஞ்சில ஒருத்தருக்கு. பெரிய வித்தியாசம் இல்லைத்தான், ஆனா எந்தப் பக்கம் சாயுது எண்டு பாருங்கோ.

சரி, இது கணிப்புப் பிழை. ஒரு ரீச்சர் பிள்ளையைப் பாத்து, டெஸ்ட் மார்க்ஸைப் பாத்து, மனச்சாட்சிக்கு ஏ எண்டு போடுறா, பேந்து பி வருது. அதுக்கு நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்ல, ஆரால ஒன்பது மாசத்துக்கு முதல் சோதனை றிசல்ட்டைச் சொல்ல ஏலும். நான் எழுத வந்தது மற்றப் பிழையைப் பற்றி. ரீச்சர் ஏ எண்டு சொல்லியிருக்கிறா, ஃபோர்மில பி எண்டு ஏறியிருக்கு. இது கணிப்பு இல்லை, இது கைப்பிழை. இந்த ரெண்டுக்கும் நீங்கள் ஒரே பதிலைத் தாறீங்கள், அதுதான் என்ர முறைப்பாடு.

எப்பிடி வருது எண்டு உங்களுக்கே தெரியும். 12ஆம் வருச முடிவில சோதனை வைக்கிறீங்கள், ஒவ்வொரு பாட ரீச்சரும் ஒரு எக்செல் ஷீட்டில போடீனம், அதை ஆரோ ஒரு டியூட்டர் பாத்துப் பாத்து யூகாஸில ஏத்துறார், அதுவும் செப்டெம்பர் கடைசியில, நூற்றுக்கணக்கான பிள்ளையளுக்கு, தன்ர வகுப்பையும் எடுத்துக் கொண்டு. மற்ஸும் ஃபேர்தர் மற்ஸும் மாறிப் போகும். செப்டெம்பரில திருப்பி வைச்ச டெஸ்டில பிள்ளை ஏறியிருக்கும், அந்தப் புதுக் கிறேட் ஒஃபிசுக்குப் போயிருக்காது. லீவில ஒரு ரீச்சர் வேலையை விட்டுட்டுப் போயிருப்பா, அவவின்ர ஷீட் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட பிள்ளையளுக்கு இன்னொரு தனிக் கரைச்சல், அப்பாவின்ர பேர் இங்க குடும்பப் பேரா நிக்கிறதால ஒரு சொந்தமும் இல்லாத ரெண்டு பிள்ளையள் லிஸ்டில ஒண்டுக்குக் கீழ ஒண்டா ஒரே பேரில நிப்பினம்.

அப்பிடித்தான் எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு நடந்தது. பள்ளிக்கூடத்தின்ர பேர் வேண்டாம். பிள்ளை ஃபார்மசிக்கு அஞ்சு இடம் போட்டவ, ஃபார்மசி எண்டா கெமிஸ்ட்றியைத்தான் முதல் பாப்பினம். ஜூலை ரிப்போர்ட்டில கெமிஸ்ட்றிக்கு ஏ எண்டு இருக்கு, பேப்பர் கையில இருக்கு. நவம்பரில ஃபோர்ம் போச்சு. முதலாவது யூனி வேண்டாம் எண்டது, ஒண்டும் சொல்லேல்ல. ரெண்டாவது யூனியும் வேண்டாம் எண்டு போட்டு, பிரெடிக்டட் கிறேட் காணாது எண்டு ஒரு வரி எழுதியிருந்தது. காணாதோ? அவை கேட்டதே ஏஏபி, பிள்ளைக்கு இருக்கிறதும் ஏஏபி. தாய் வேலைக்கு லீவு போட்டுட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவ, ரிசப்ஷனில இருத்தி வைச்சு, பொறுப்பாளர் மீட்டிங்கில இருக்கிறார், ஈமெயில் வரும் எண்டு அனுப்பியாச்சு. ஈமெயில் வந்தது, ரெண்டே வரி. கிறேட் எல்லாம் ஆசிரியரின்ர தொழில்முறைத் தீர்மானம், பெற்றார் கேட்டு மாத்துறது எங்கட பள்ளிக்கூட வழக்கம் இல்லை. அவ்வளவும்தான். ஒருத்தரும் அந்த ஷீட்டைத் திறந்து கூடப் பாக்கேல்ல.

பிள்ளை என்ன செய்தவ எண்டா, கெமிஸ்ட்றி ரீச்சரை லாப் வாசலில மறிச்சு, மிஸ் நீங்கள் எனக்கு பியோ போட்டனீங்கள் எண்டு நேர கேட்டுட்டா. ரீச்சருக்கே திகைப்பு. அவ தன்ர லாப்டொப்பைத் திறந்து காட்டியிருக்கிறா, ஏ எண்டுதான் இருக்கு. கீழ் வரியில அதே அப்பா பேரில இன்னொரு பிள்ளை, அதுக்கு பி. ரெண்டும் இடம் மாறிப் போச்சு. மற்றப் பிள்ளைக்கு ஏ எண்டு போய், அவவுக்கு நல்ல நல்ல ஒஃபர் எல்லாம் வந்திட்டுது, அது ஏன் வந்தது எண்டு அவவுக்கும் விளங்கேல்லையாம். பள்ளிக்கூடம் பேந்து மிச்சம் மூண்டு யூனிக்கும் எழுதினது, வேண்டாம் எண்ட ரெண்டுக்கும் எழுதினது. ஒண்டு திரும்பப் பாத்து ஒஃபர் தந்தது, மற்றது இடம் நிரம்பீட்டுது எண்டுட்டுது. ஒருக்கா றிஜெக்ட் எண்டு வந்தா திருப்பிப் பாக்கிறது அந்த யூனியின்ர விருப்பம்தான், ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலாது. பிள்ளை இப்ப படிக்கிறா, நல்லா இருக்கிறா. ஆனா ஒரு ரீச்சரை லாப் வாசலில மறிக்கத் துணிவில்லாத பிள்ளையா இருந்திருந்தா?

நீங்கள் ஏன் அப்பிடி ஒரு ஈமெயிலை ரெடியா வைச்சிருக்கிறீங்கள் எண்டும் எனக்கு விளங்காமல் இல்லை. யூகாஸே சொல்லுது, பிரெடிக்டட் கிறேட்டை வெளி அழுத்தத்துக்காக மாத்தக்கூடாது, பிள்ளை நல்ல சூழ்நிலையில எடுக்கக் கூடியதைப் போடுங்கோ எண்டு. அது சரியான கதை. எங்கட ஆக்களும் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை, பிள்ளைக்கு மொக் எண்ட மாதிரிச் சோதனையில சி வந்திருக்கும், அப்பா வந்து நிண்டு ஏ ஸ்டார் போடுங்கோ, அவன் டியூசனுக்குப் போறான், கடைசி மூண்டு மாசத்தில எடுத்திடுவான் எண்டு வாதாடுவார். (அந்த அப்பாமாருக்கும் ரெண்டு சொல்லு: கூடப் போட்டு வாங்கினா பிள்ளை ஃபேர்ம் சொயிஸும் (முதல் தெரிவு) பெரிசா எடுக்கும், இன்ஷூரன்ஸும் (அது தவறினா எண்டு வைக்கிற ரெண்டாவது தெரிவு) பெரிசா எடுக்கும், ஓகஸ்டில ரெண்டும் கைவிட்டுப் போய், மிஞ்சின இடத்தைத் தேடுற கிளியரிங்கில ஃபோனைப் பிடிச்சுக் கொண்டு நிக்கும். அதைப் பாத்தனான், பாக்க ஏலாது.) ஆனா அழுத்தம் குடுக்கிறவர் கேக்கிறது உங்கட அபிப்பிராயத்தை மாத்தச் சொல்லி. நான் சொன்ன தாய் கேட்டது உங்கட அபிப்பிராயம் என்ன எண்டுதான். இதைப் பிரிச்சுப் பாக்கிறதுக்கு ஒரு நிமிசம் போதும், பாட ரீச்சருக்கு ஒரு மெசேஜ், நீங்கள் போட்டது என்ன எண்டு.

பிழையைத் திருத்தினா பள்ளிக்கூடத்தின்ர மானம் போயிடும் எண்டு நினைக்கிறீங்களோ தெரியேல்ல. 2020இல கொரோனாவுக்க சோதனை இல்லாமல், சோதனையளை மேற்பார்க்கிற ஒஃப்குவால் கொம்பியூட்டர் கணக்கு (அல்கோரிதம்) போட்டு, ரீச்சர்மார் சொன்ன கிறேட்டில ஏறக்குறைய 40 வீதத்தைக் குறைச்சு ஓகஸ்ட் 13ஆம் திகதி விட்டினம். பிள்ளையள் ரோட்டில இறங்கிச்சுதுகள், 17ஆம் திகதி அரசாங்கமே பின்வாங்கி ரீச்சர்மாரின்ர கிறேட்டையே குடுக்கிறம் எண்டது. நாலு நாள். ஊரிலயும் நடந்தது, 2011 ஏ லெவலில பழைய சிலபஸையும் புதுச் சிலபஸையும் ஒண்டாக் கலந்து இசட் ஸ்கோர் கணக்குப் பாத்துட்டினம், 2012இல உச்ச நீதிமன்றம் அது பிழை, திருப்பிச் செய்யுங்கோ எண்டு சொன்னது, திருப்பிச் செய்தவை. நாடு முழுக்க இருக்கிற கணக்கையே திருப்பிப் பாத்திருக்கினம், உங்கட எக்செல்லில ஒரு கட்டத்தைத் திருப்பிப் பாக்க அந்தப் பிள்ளை கிறிஸ்மஸ் தாண்டும் வரைக்கும் அலைஞ்சது.

றிசல்ட் வந்தாப் பிறகு அப்ளை பண்ணுற முறை வந்தா இந்தத் தலையிடியே இல்லை எண்டு சொல்லுவீங்கள், உண்மைதான். 2004இல யூனி அட்மிஷனைப் பற்றி வந்த ஷ்வார்ட்ஸ் அறிக்கையே அதைச் சொன்னது, 2021இல அரசாங்கம் எல்லாரிட்டயும் கருத்துக் கேட்டுப் போட்டு 2022 பெப்ரவரியில வேண்டாம் எண்டு மூடி வைச்சிட்டுது. அது உங்கட கையில இல்லை, அதை விடுவம்.

உங்கட கையில இருக்கிறதைக் கேக்கிறன். அனுப்புற பட்டனை அமத்த முதல் ஃபோர்மில ஏறின கிறேட்டை, ஷீட்டில இருக்கிறதை இல்லை, ஃபோர்மில ஏறினதை, பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. சில பள்ளிக்கூடம் இதை வடிவாச் செய்யுது, பிள்ளை பாத்து ஓம் எண்டு கையெழுத்து வைச்சாத்தான் போகும், அங்க இந்தக் கதை ஒண்டும் எங்கட காதுக்கு வாறேல்ல. சிலது ரகசியம் எண்டு மூடி வைக்குது, ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல, ரெஃபரன்ஸை மூடுங்கோ, மூண்டு எழுத்தில என்ன ரகசியம். காட்டினா நூறு பேர் சண்டைக்கு வருவினம் எண்டு பயமெண்டா, ரீச்சரின்ர தீர்மானத்தைப் பற்றிக் கதைக்கிறதுக்கு ஜூலையில ஒரு திகதி குடுங்கோ, அதோட அந்தக் கதை முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ. செப்டெம்பரில காட்டுறது ஏத்தினது சரியோ எண்டு பாக்க மட்டும்.

பிறகு, கைப்பிழை எண்டு தெரிய வந்தா அண்டைக்கே யூகாஸுக்கும் அந்த அஞ்சு யூனிக்கும் நீங்களே எழுதுங்கோ, பள்ளிக்கூட ஈமெயிலில இருந்து, பிழை எங்கட பக்கம், பிள்ளையின்ர சரியான கிறேட் இது எண்டு. பிள்ளையை எழுதச் சொல்லாதேங்கோ. 17 வயசுப் பிள்ளை தன்ர கிறேட் ஏ எண்டு தானே எழுதினா அட்மிஷன்ஸ் ஒஃபிசில ஆர் அதை நம்புவினம், பள்ளிக்கூடத்தைக் கேட்டுச் சொல்லு எண்டுதான் திருப்பி அனுப்புவினம். முடிவு வர முதல் எழுதினாத்தான் பிரயோசனம், அதால கிறிஸ்மஸ் லீவு முடியட்டும், ஹெட் வரட்டும் எண்டு வைச்சிருக்கிற வேலையும் இல்லை. அதோட ஒரு பிள்ளைக்கு மாறிப் போயிருந்தா அதே லிஸ்டில மேலயும் கீழயும் இருக்கிற பிள்ளையளையும் பாருங்கோ, ஒரு வரி வழுக்கினா மற்றதும் வழுக்கியிருக்கும்.

இந்த செப்டெம்பரும் எங்கட வகுப்புக்குப் பிள்ளையள் ஃபோர்மோட வருவினம். ஜூலை ரிப்போர்ட்டை வீட்டில பத்திரமா வையுங்கோ, போட்டோ எடுத்து வையுங்கோ எண்டு இப்பவே சொல்லி வைச்சிருக்கிறன். அதைக் கொண்டு வந்து ஆராவது உங்கட கதவைத் தட்டினா, முதல் அந்த ஷீட்டைத் திறந்து பாத்துப் போட்டு பதில் எழுதுங்கோ.

இப்படிக்கு,
லண்டன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில யூகாஸ் ஃபோர்ம் பாக்கிற ஒருத்தன்