ஆமைக்குக் கிடைக்கிற மரியாதை புழுவுக்கு ஏன் இல்லை?

ஆசிரியருக்கு,

கரையொதுங்கிய ஆமையின் படம் உங்கள் பத்திரிகையில் வந்த அன்று என் பேரன் கேட்டான்: "அம்மப்பா, நாங்கள் தூண்டிலில குத்திற புழு செத்தால் ஏன் பேப்பரில போடுறேல்லை?" சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கடல்நீரேரிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

ஆமையைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். பேராமை சாதாழை என்ற கடற்செடியைத் தின்னும், மூச்சு வாங்க மேலே வரும், மணலில் குழி தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அழுதுகொண்டே முட்டையிடுகிறது என்பார்கள், அது அழுகையில்லை, உடம்பில் கூடின உப்பைக் கண் வழியாக வெளியேற்றுகிறது. மணல் சூடு கூடினால் குஞ்சுகள் பெண்ணாகவே பொரிக்கும், அது வேறு கவலை. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆமை இறைச்சி சாதாரணம், இப்போது சட்டம் தடுக்கிறது, நல்லது.

சரி, புழு? நீர் வற்றின நேரம் கரையில் நடந்தால் சேற்றின் மேல் இடியப்பம் பிழிந்துவிட்ட மாதிரிச் சின்னச் சின்னக் குவியல்கள் கிடக்கும். கீழே ஒரு புழு மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மேலே தள்ளியதுதான் அது. அதற்கு நுரையீரல் கிடையாது, செவுளாலும் தோலாலும் மூச்சு விடுகிறது, ஆனாலும் இரத்தம் நம்முடையதைப் போலவே சிவப்பு. தன் வளைக்குள் அது ஓயாமல் நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் சேற்றுக்குள்ளும் ஒட்சிசன் போகிறது, அது நின்றால் சேறு கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். மாரியில் வந்திறங்குகிற உள்ளான்கள் நீண்ட அலகால் சேற்றைக் குத்திக் குத்தித் தேடுவது இதையும் இதன் சொந்தங்களையும்தான். வயதில் பார்த்தாலும் புழுவே மூத்தது: 50 கோடி ஆண்டுக்கு முந்திய பாறைகளில் இதன் தூரத்துச் சொந்தங்களின் அச்சு இருக்கிறது, கடலாமையின் மிகப் பழைய எலும்புகளோ 12 கோடி ஆண்டளவில்தான்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. இழுவைமடி கடலடியைச் சுரண்டும்போது ஆமை வலையில் மூச்சு முட்டிச் சாகிறது, புழு மண்ணோடு மண்ணாகக் கிளறப்படுகிறது. ஆமை மிதந்து கரைக்கு வருவதால் நமக்குத் தெரிகிறது, புழு மிதக்காது.

எங்கள் ஊர்க் கரையில் இடித்த வீட்டுக் கல்லையும் கடைக் குப்பையையும் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இந்தச் சேற்றில்தான் கொட்டுகிறார்கள். கேட்டால், "சும்மா கிடக்கிற சேறுதானே" என்கிறார்கள். ஆமை ஒதுங்கினால் ஓடிவருகிற உங்கள் படப்பிடிப்பாளர், ஒருநாள் வற்று நேரத்தில் இந்தப் பக்கமும் வந்தால் அந்த இடியப்பங்களைக் காட்ட நான் தயார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கோ, முழங்கால் வரைக்கும் புதையும்.

இப்படிக்கு,
கடல்நீரேரிக் கரையிலிருந்து ஒரு வாசகன்
யாழ்ப்பாணம்