மகதலேனாள் செய்த குற்றம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஈஸ்டர் சிறப்பிதழ் கிடைத்தது. அட்டை, அச்சு, காகிதம் எதிலும் குறை சொல்ல முடியாது. உள்ளேதான் “விபசாரியாக வாழ்ந்து மனந்திரும்பிய மகதலேனா மரியாள்” என்று ஒரு வரி. வேதத்தில் இதை எங்கே படித்தீர்கள் என்று கட்டுரையாளரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தங்களுக்குத் தெரியாத விஷயமா இது?

லூக்கா சுவிசேஷம் 8ஆம் அதிகாரத்தில் அவள் வருகிறாள். ஏழு பிசாசுகள் நீங்கியவள். யோவன்னாள், சூசன்னாள் ஆகியோரோடு சேர்ந்து தன் சொந்தப் பணத்தில் இயேசுவுக்கும் சீஷர்களுக்கும் உதவியவள். அவ்வளவுதான். முந்தின அதிகாரத்தில் கண்ணீரால் இயேசுவின் பாதத்தை நனைத்த பாவியான பெண்ணுக்கு லூக்கா பெயரே சொல்லவில்லை. விபசாரக் குற்றம் சாட்டிக் கல்லெறிய இழுத்து வந்த பெண்ணின் பெயர் யோவான் சுவிசேஷத்திலும் இல்லை. இயேசுவின் பாதத்தில் நளதம் என்ற வாசனைத் தைலம் பூசிய மரியாள் பெத்தானியா ஊர்க்காரி, மார்த்தாளின் சகோதரி. 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் லூக்காவின் பாவியான பெண்ணையும் பெத்தானியா மரியாளையும் மகதலேனாளையும் ஒரே ஆளாக்கிவிட்டார். ஏழு பிசாசு என்றால் ஏழு பாவம் என்று கணக்கு வேறு. கிழக்கத்திய சபைகள் இதை ஏற்கவே இல்லை. ரோமன் கத்தோலிக்க சபையும் 1969இல் திருநாள் அட்டவணையைத் திருத்தியபோது இந்தக் குழப்பத்தைக் கைவிட்டது. 2016இல் போப் பிரான்சிஸ் அவளுடைய ஜூலை 22ஆம் நாளை அப்போஸ்தலர் திருநாட்களுக்குச் சமமாக உயர்த்தினார். ரோமாபுரிக்கே எட்டிய சேதி தங்கள் அலுவலகத்துக்கு இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது போல.

என் அக்காவுக்கு மகதலேன் என்று பெயர். தாத்தா ஆசையாக வைத்தது. கல்யாணமாகிப் போன வீட்டில் “வேற நல்ல பேரே கிடைக்கலையா?” என்று மாமியார் கேட்டதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஞாயிறு பள்ளியில் நாடகம் போடும்போது பாருங்கள், தேவதூதன் வேஷத்துக்கு அடிபிடி. மகதலேனாள் வேஷம் என்றால் தாய்மார் சண்டைக்கே வருகிறார்கள். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவள் வேஷம் அம்மா அது என்றால் நம்புவதில்லை. பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்கிறார்கள்.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கு யாரும் அப்படி ஓர் அடைமொழி கொடுப்பதில்லை. இயேசுவைப் பிடித்த வேளையில் ஓடிப்போனவர்கள் எல்லாம் பரிசுத்தவான்கள். சிலுவையருகே நின்றவளுக்கு இந்தப் பட்டம்!

இது ஒன்றுதான் என்றால் விட்டிருப்பேன். கிறிஸ்துமஸ் இதழில், பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற அதே ஏரோது யோவான் ஸ்நானகனின் தலையையும் வாங்கினான் என்று போட்டிருந்தீர்கள். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் செத்தவன் 14ஆம் அதிகாரத்தில் எழுந்து வந்துவிட்டான் போலிருக்கிறது! தலையை வாங்கியது மகன் அந்திப்பா. சீஷன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றது பேரன் அகிரிப்பா. அப்புறம் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர், மூவரும் ராஜாக்கள், பெயர் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்றும் வந்திருந்தது. காணிக்கை மூன்று என்றுதான் மத்தேயுவில் உண்டு. ஆள் கணக்கும் இல்லை, பெயரும் இல்லை, கிரீடமும் இல்லை. அதற்கும் கடிதம் எழுதினேன். அந்த வாரம் வாசகர் பக்கத்தில் பலாக்கொட்டைக் குழம்புக்கு வந்த பாராட்டுக்குத்தான் இடம் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், ஜூலை 22க்கு முன்னால் வந்தால் போதும். இடம் இல்லை என்றால் அக்கா விஷயத்தை வெட்டிக்கொள்ளலாம். லூக்கா 8 மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை