மனுவில் அப்பாவின் பெயரும் வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெண்ணையாற்றுக்காக, கழிவு விடும் பட்டறைகளை மூடச் சொல்லி மனு எழுதப் போவதாக நீ டில்லியிலிருந்து சொன்னதும் அப்பா பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை, கண்ணு. 2017 ஏப்ரலில் இங்கே பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியைச் சுற்றியிருந்த தொழிற்கூடங்களை மூடச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவர் ஜீன்ஸ் துணி துவைத்த வாஷிங் யூனிட்டும் அப்போது மூடியதுதான். அந்தச் சாயத்தண்ணீர் ராத்திரியில் ராஜகால்வாயில், அதுதான் ஏரிக்குப் போகும் பெரிய மழைநீர்க் கால்வாயில், போனது உண்மை. அதனால் மூடியது சரி என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஆனால் முதலாளி மெஷின்களை வேறு இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார், ஆட்களை விட்டுவிட்டார். ஈஜிபுராவில் நம் தெருவிலேயே எத்தனை வீட்டில் அந்த வருடம் பள்ளிக் கட்டணம் நின்றது தெரியுமா?

அத்தை பக்கமும் நியாயம் இருக்கிறது. பெல்லந்தூர் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நுரை எழும்பும். அந்தத் தண்ணீரில்தான் அத்தை கோஸும் தக்காளியும் போடுகிறார். வயலில் இறங்கிவிட்டு வந்தால் ராத்திரியெல்லாம் காலைச் சொறிந்துகொண்டே இருப்பார். போன வளைகாப்பில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு வந்ததே, "உன் சம்பளத்துக்கு நான் விஷத்துல நிக்கணுமா?" என்று அத்தை கேட்டார். "எங்களை மூடினாங்களே, நுரை நின்னுச்சா?" என்று அப்பா கேட்டார். கூடப் பிறந்தவர்கள். அதன் பிறகு பேச்சு குறைந்துவிட்டது.

நுரை நிற்கவில்லைதான். 2018 ஜனவரியில் ஏரிக்கரையில் மறுபடி தீப்பிடித்து ராணுவத்தையே அழைத்தார்கள். ஏனென்றால் நகரத்தின் சாக்கடையில் ஒரு பெரிய பகுதி அந்த ஏரியில்தான் விழுகிறது. துணிக்கும் பாத்திரத்துக்கும் போடும் சோப்புத்தூளில்தான் அந்த நுரை பொங்குகிறது. அடுக்குமாடி வீடுகளில் ஒன்றையாவது பூட்டினார்களா? அதற்காகப் பட்டறைகளை விட்டுவிடு என்று சொல்லவில்லை. முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் குரோமியமும் நிக்கலும் நுரைக்காது, கண்ணுக்கும் தெரியாது, மண்ணில் தங்கிக் கீரைக்குள் போய்விடும். எனக்கு அதுதான் அதிக பயம்.

இதைக் கேள். டில்லியில் 1996-ல் 168 ஆலைகளை ஊருக்கு வெளியே போகச் சொன்ன உச்சநீதிமன்றம், கூடவே போகும் தொழிலாளிக்கு ஒரு வருடச் சம்பளம் தரவேண்டும் என்றும் எழுதியது என்று நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய்? அப்படியும், பெயர் பதிவேட்டில் இல்லாத கூலி ஆட்கள் பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றாய். அன்றைக்கு எனக்கு உன் அப்பாதான் நினைவுக்கு வந்தார். பி.எஃப். கிடையாது, அடையாள அட்டை கிடையாது, சனிக்கிழமை கையில் கூலி. எந்த நீதிபதி வந்தாலும் அவர் அங்கே வேலை செய்தார் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை.

அதனால் உன் மனுவில் 'மூடு' என்று எழுதுவதற்கு முன்னால், உள்ளே வேலை செய்கிறவர்களின் பெயர்களை அதிகாரிகள் நேரில் வந்து எழுதவேண்டும் என்று கேள். தண்ணீரைச் சுத்தம் செய்கிற பட்டறை ஓடட்டும். செய்யாததை மூடினால், வேறு வேலை கிடைக்கும்வரை முதலாளி சம்பளம் தரட்டும். மாநகரச் சாக்கடை முழுவதும் சுத்திகரித்த பிறகே ஏரிக்கு வரவேண்டும் என்பதையும் சேர். கெலவரப்பள்ளி விவசாயிகளுக்கு நஷ்டஈடு, அங்கே மண்ணையும் கீரையையும் பரிசோதித்து முடிவைத் தமிழில் ஒட்டவேண்டும் என்பது எல்லாம் அதே மனுவில் இருக்கட்டும். தனித்தனி மனுவாகப் போட்டால் இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திவிடுவார்கள்.

அத்தையிடம் பேசிவிட்டேன், கையெழுத்துப் போடுவார். அப்பாவிடம் நீயே கேள். அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்கிறேன். பத்து மணிக்குக் கூப்பிடு, என்னென்ன ரசாயனம் போட்டார்கள், எந்நேரம் திறந்துவிட்டார்கள் என்று அவர்களே சொல்வார்கள், எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா