மோட்டார்ஹோம் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையை விதிமுறைப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு உரிய இடைவெளிகளில் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. குடும்பச் சந்திப்பும் கூட்டுப் பயணமும் வழக்கம்போல் நடைபெற்றன. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களைச் சங்கம் அன்புடன் வரவேற்கிறது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, டேஷ்போர்டிலுள்ள ஏசியிலும் ஹீட்டரிலும் காற்று வலுவின்றி வரும் குறைக்குக் காரணம் கண்டறியும் சோதனைத் திட்டமாகும். இதனை நான் செயற்குழுவில் முன்மொழிந்தபோது, இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை, சங்கம் இதில் இறங்கத் தேவையில்லை என்று சிலர் கருதினர். அவர்களுக்கு விளக்கமளிக்கும் கடமை எனக்கு உண்டு என்பதால் இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டியின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் ஒரு நிறுவனம் தயாரிக்க, அதன்மேல் வீட்டைக் கட்டுவது பெரும்பாலும் மற்றொரு நிறுவனம். பெரிய பேருந்து வடிவ வண்டிகளில் டேஷ்போர்டையும் அதனுள் இருக்கும் ஏசி, ஹீட்டர் பெட்டியையும் பொருத்துவது அந்த இரண்டாவது நிறுவனமே. ஆகவே எஞ்சினைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இது எங்கள் பொருள் அல்ல என்கிறார்கள். வீட்டைக் கட்டியவர்கள் தந்த கையேட்டிலோ காற்றுக் குழாய்கள் எவ்வழியே செல்கின்றன என்ற படம்கூட இருப்பதில்லை. இடையில் அகப்பட்டுக்கொண்ட உறுப்பினர் ஏதாவது ஒரு பட்டறையில் ஏசி கேஸ் நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்; அடுத்த பயணத்தில் அதே குறையைச் சொல்கிறார். கேஸின் அளவு காற்றின் குளிர்ச்சியைத்தான் தீர்மானிக்கும். காற்றின் அளவைத் தீர்மானிப்பது ப்ளோயர் என்னும் மோட்டார் விசிறியும் அது தள்ளும் காற்று செல்லும் வழியுமே. இந்த ஒன்றை ஒவ்வொரு உறுப்பினரும் மனத்தில் இருத்திக்கொண்டால் இத்திட்டத்தின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும்.

நாம் வகுத்த சோதனைத் தாள் பட்டறைக்குப் போவதற்கு முன் நிரப்ப வேண்டியது. முதல் கேள்வி, ஏசி, ஹீட்டர் இரண்டிலும் காற்று குறைகிறதா என்பதாகும். பெரும்பாலான பெட்டிகளில் ஹீட்டரை நோக்கிச் செல்லும் காற்றும் ஏசியின் குளிர்விக்கும் சுருளைக் கடந்தே செல்கிறது. எனவே இரண்டிலும் காற்று குறைந்தால், இரண்டுக்கும் பொதுவான ப்ளோயர், சுருள், குழாய்கள் ஆகியவற்றையே ஆராய வேண்டும். இரண்டாவது கேள்வி ஒலியைப் பற்றியது. ப்ளோயர் உரக்க ஒலித்தும் காற்று மெலிந்து வந்தால் பெரும்பாலும் வழியில் அடைப்போ கசிவோ உண்டு. ஒலியே மெலிந்திருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் சரியாகப் போய்ச் சேராமலோ மோட்டாரே பழுதாகியோ இருக்கலாம். அதிகபட்ச வேகம் மட்டும் வேலை செய்து மற்ற வேகங்கள் செயலிழந்திருந்தால், மின்சாரத்தை மட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் எரிந்திருக்கும். அதற்கு நேர்மாறாக அதிகபட்ச வேகம் மட்டும் கிடைக்காவிட்டால் அதற்கான ரிலே என்னும் மின்சுவிட்சையும் ஃப்யூஸையும் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் தன்மீது பாயும் காற்றினாலேயே குளிர்கிறது. ஆதலால் புதிய ரெசிஸ்டரும் விரைவில் எரிந்துபோகிறது என்றால் காற்றுவழி அடைபட்டிருக்கிறதா, மோட்டார் இறுகிச் சுற்றுகிறதா என்று தேடாமல் மூன்றாவதை வாங்குவது வீண் செலவு.

மின்னழுத்தத்தை எஞ்சின் ஓடும்போது, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, மோட்டாரின் இணைப்பிலேயே அளக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் காட்டி, மோட்டாரில் 12க்கும் கீழே காட்டினால், இடையிலுள்ள ஒயர், சுவிட்ச், கனெக்டர், எர்த் இணைப்பு இவற்றுள் ஏதோ ஒன்று அந்த மின்னழுத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இக்குறையால் ஃப்யூஸ் எரிவதில்லை என்பதால் பலர் மின்சாரப் பக்கம் நன்றாக இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ இளகியிருந்தாலோ காரணம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இங்கு ஓர் உறுப்பினரின் அனுபவத்தைப் பதிவு செய்வது அவசியம். ப்ளோயர் மோட்டாரை மாற்றிய பிறகு காற்று முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றும், குளிர்விக்கும் சுருளையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள் என்றும் அவர் வருந்தினார். நமது சோதனை நாளில் பார்த்தபோது மோட்டாரின் இரு ஒயர்களும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. உருளை வடிவ ப்ளோயர் விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை உள்ளிழுக்காது. அதே வழியில்தான் வெளியே தள்ளும், ஆனால் மிகவும் மெலிவாகத் தள்ளும். ஒயர்களை மாற்றி இணைத்தவுடன் காற்று முழுமையாக வந்தது. சங்கம் இதில் இறங்கத் தேவையில்லை என்று கருதியவர்கள் இந்த ஒரு வண்டியை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அடைப்பைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. வெளிக்காற்று நிலையிலிருந்து உட்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாற்றியவுடன் காற்று பெருகினால், வெளிக்காற்று நுழையும் வாயிலில் இலைகளோ எலிக்கூடோ அடைத்திருக்கக்கூடும். நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்படும் நம் வண்டிகளில் எலிக்கூடு அரிதான செய்தி அன்று. எந்த மாற்றமும் இல்லையென்றால் குளிர்விக்கும் சுருளைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் காற்று வடிகட்டி இல்லாததால், ஆண்டுக்கணக்கில் சேரும் தூசி ஈரச் சுருளில் படிந்து கம்பளம்போல் மூடிவிடுகிறது. ரெசிஸ்டரைக் கழற்றினால் கிடைக்கும் துளைவழியே சிறு கேமராவைச் செலுத்தி, பெட்டியை இறக்காமலேயே உள்ளே பார்க்கப் பெரும்பாலும் முடிகிறது.

குழாய்களைப் பொறுத்தவரை, டேஷ்போர்டுக்குப் பின்னால் நாடா பிரிந்து கழன்று விழுந்தவையும், பின்னாளில் பொருத்திய மின்னணுத் திரைக்கும் அதன் ஒயர்களுக்கும் இடமளிக்க நசுக்கப்பட்டவையும் அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் ப்ளோயர் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. காற்று மட்டும் ஓட்டுநரைச் சேராமல் டேஷ்போர்டின் உட்புறத்தைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது.

காற்று வேறு வாயில் வழியாக வெளியேறுவதையும் காற்றுக் குறைவு என்றே பலர் எழுதித் தந்திருந்தனர். காற்றை வெவ்வேறு வாயில்களுக்குத் திருப்பிவிடும் பெட்டியின் உட்கதவுகள் வேக்கூமினால், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் குறைந்த அழுத்தத்தால், இயங்கும் வண்டிகளில் வேக்கூம் இழக்கப்பட்டால், முன்கண்ணாடி பனிமூட்டம் கொள்ளாதிருக்க வேண்டும் என்ற பாதுகாப்புக் காரணத்திற்காகக் காற்று கண்ணாடியை நோக்கித் திரும்புமாறே அவை பெரும்பாலும் அமைக்கப்பட்டுள்ளன. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் தரும் வேக்கூம் மேடேறும்போது குறையும்; அப்போது மட்டும் காற்று முகத்தை விட்டுக் கண்ணாடிக்குப் போனால், ஒருவழி வால்வோ வேக்கூம் தொட்டியோ கசிகிறது என்று கொள்ளலாம். டீசல் வண்டிகளில் வேக்கூமைத் தருவதற்கென்று தனிப் பம்ப் இருக்கும். அது தேவைப்படும்போது மட்டும் ஓடும் மின்பம்பாக இருந்தால், ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதே கசிவின் அடையாளம். கையால் இயக்கும் வேக்கூம் பம்பை ஒவ்வொரு குழாயாக இணைத்து, அதன் அளவுமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் கசியும் இடம் அகப்படும்.

புறப்படும்போது நன்றாக வந்த காற்று, நெடுநேரம் ஓட்டிய பின் மெலிந்து, ஏசியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டால் மீண்டும் வருகிறது என்றால் சுருளில் பனி உறைகிறது. கம்ப்ரஸரை உரிய நேரத்தில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம்; கேஸும் குறைந்திருக்கலாம். காற்றுக் குறைவில் கேஸுக்குப் பங்குள்ள இடம் இதுவே. காற்று வலுவாக வந்தும் சூடு மட்டும் வராத வண்டிகளுக்குத் தாளின் மறுபக்கத்தில் தனிக் கேள்விகள் உள்ளன. எஞ்சின் பின்புறம் இருக்கும் வண்டிகளில் ஹீட்டருக்குச் சூடான நீரைக் கொண்டுவரும் கூலண்ட் ஹோஸ் வண்டியின் நீளம் முழுவதும் ஓடிவர வேண்டியிருப்பதால் அது தனியே ஆராயத்தக்கது. டேஷ்போர்டு ஏசி ஓட்டுநர் பகுதிக்கென அமைந்தது, வீடு முழுவதற்கும் அன்று. ஆகவே இருக்கைகளுக்குப் பின் திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகே குறையைப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இத்தனை பயனுள்ள திட்டத்திற்கு உறுப்பினர்கள் தந்த ஒத்துழைப்பைப் பற்றியும் உண்மையை எழுதியாக வேண்டும். சோதனை நாளுக்குப் பெயர் தந்தவர்களில் பலர் வரவில்லை. வரவில்லை என்ற தகவலும் தரவில்லை. வந்து குறை நீங்கப் பெற்றவர்களில் பெரும்பாலோர், எந்த மாற்றத்தால் குறை தீர்ந்தது என்று எழுதித் தர வேண்டிய தாளைத் திருப்பித் தரவில்லை. அந்தத் தாள்கள் சேர்ந்தால்தான் எந்த வகை வண்டியில் எந்தப் பகுதி முதலில் பழுதாகிறது என்பதை அடுத்தவருக்குச் சொல்ல முடியும். சங்கத்தின் வேக்கூம் பம்பை எடுத்துச் சென்றவர் அதனை இன்னும் திருப்பித் தராததால், அதற்குப் பின் வந்த வண்டிகளில் அச்சோதனையைச் செய்ய இயலாமல் போயிற்று. சந்தா நிலுவை வைத்திருப்போரின் வண்டிகளையும் வேறுபாடு பார்க்காமல் சோதித்தோம். நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பப்பட்டும் அந்நிலுவையில் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது. கருவிகள் வாங்கியதே குறிப்பிடத்தக்க செலவு. கையிருப்பு சிறிதளவே உள்ளது. தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், சோதனை நாளுக்கு இடமளித்த உறுப்பினருக்கும், வெயிலில் நின்று துணைபுரிந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பின்புற எஞ்சின் வண்டிகளின் ஹீட்டர் ஹோஸ், வால்வு ஆகியவற்றை ஆராயச் செயற்குழு எண்ணியுள்ளது. அதற்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி தேவை. கையிருப்பு அதற்கு இடம் தராது, நிலுவைச் சந்தா வந்தால் தரும். டேஷ்போர்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களில் இருவரேனும் முன்வந்தால் செயலாளர் பொறுப்பை இன்னும் ஓராண்டு ஏற்பது குறித்து நானும் மகிழ்வுடன் பரிசீலிப்பேன். வேக்கூம் பம்பை வைத்திருப்பவர் இக்கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்