பின்வரிசைக்காரனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, ஆனால் காலை நடையை நிறுத்திவிட்டாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போவாள், நான் சொன்னால் எடுபடாது. பெரியப்பா ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி அம்மாபேட்டை வீட்டுக்கு நாம் போய்வரலாம். குகைப் பேட்டைப் பக்கம் மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு இந்த ஆடியிலும் நல்ல கூட்டம். உன் சிநேகிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், உன்னைக் கேட்டார்கள்.

போனில் நீ "ம்", "சரிப்பா", "வைக்கட்டுமா" தவிர வேறு பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான், ஆனால் அது அங்கேயே கிடக்கும்.

போன வாரம் டொராண்டோவிலிருந்து மாப்பிள்ளை ஒரு லிங்க் அனுப்பினார், உங்கள் ஹாக்கி மேட்ச் யூடியூபில் நேரலையாக வருகிறது என்று. அம்மாவும் நானும் பார்த்தோம். படம் அவ்வளவு தெளிவில்லை, கேமராவும் ஒரே இடத்தில் நின்றது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ராத்திரி நீ பேசும்போது "ரெண்டு க்வார்ட்டர் ஆடினேன்ப்பா, நல்லா போச்சு" என்றாய். சரி, சந்தோஷம்.

பின்வரிசையில் வலப் பக்கம் நிற்கிற உங்கள் ரைட் பேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநாலு இருக்குமா? வேகம் போய்விட்டது. மூன்றாவது க்வார்ட்டரில் எதிர் டீம் பையன் அவரைத் தாண்டி ஓடினபோது அவர் திரும்பவே நேரமாகிவிட்டது. ஆனால் அவர் பந்தைத் துரத்தவில்லை, கவனித்தாயா? குறுக்கே ஓடி, கோலுக்கு முன்னால் இருக்கிற டி வட்டத்துக்குள் நுழைகிற வழியை அடைத்து நின்றுகொண்டார். பையனுக்கு மூலைப் பக்கம் போவதைத் தவிர வழியில்லை, பந்தை வெளியே விட்டுவிட்டான். அதோடு வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தார். "லெஃப்ட் பாரு", "பின்னாடி ஆள்", "விடாதே" என்றுதான் இருக்கும். மைக்கே இல்லாத அந்த வீடியோவில்கூட அவர் வாய் அசைவது தெரிந்தது. அந்த மாதிரி ஆளை எந்தக் கோச்சும் லேசில் வெளியே எடுக்க மாட்டார். நானும் எடுத்திருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பி.இ.டி.யாக இருந்தபோது டிஃபென்ஸில் பிளஸ் டூ பையன்களைத்தான் நிறுத்தினேன். ஒன்பதாவது படிக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஃபார்வர்டில்தான் விடுவேன்.

காரணம் உனக்கே தெரியும். ஃபார்வர்ட் ஐந்து தடவை கோட்டைவிட்டு ஆறாவது தடவை கோல் போட்டால் கைதட்டுவார்கள். பேக் அறுபது நிமிஷமும் ஒழுங்காக நின்று ஒரே ஒரு டேக்கிளைத் தவறவிட்டாலும் அது ஸ்கோர் போர்டில் ஏறிவிடும். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று பயப்படுகிற கோச் அந்த இடத்தில் புதுப் பையனை வைத்துப் பரீட்சை பார்ப்பாரா? அப்புறம் இந்த ரோலிங் சப்ஸ்டிட்யூஷன். ஃபார்வர்ட்கள் சில நிமிஷம் முழு மூச்சாக ஓடிவிட்டு வெளியே வருகிறார்கள், அடுத்த ஆள் போகிறான். அதனால் இளம் ஃபார்வர்டுக்கு எப்படியும் ஆட்டம் கிடைத்துவிடும். பேக்கை அப்படி மாற்ற மாட்டார்கள். யார் யாரை மார்க் செய்வது என்பது குழம்பிவிடும் என்ற பயம். பதினெட்டுப் பேர் லிஸ்டில் பெயர் இருக்கும், ஆட்டம் இருக்காது.

இதை நம் தெருக்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எதிர்வீட்டுக்காரர் போன மாதமும் கேட்டார், "அரியலூர்ப் பையன் கார்த்தி முதல் மேட்ச்சிலேயே கோல் போட்டான், உங்க பையன் எப்போ?" என்று. 2022 ஆசியக் கோப்பை, பாகிஸ்தான் மேட்ச். அதை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பையன் ஃபார்வர்ட், என் பையன் டிஃபெண்டர் என்றேன். "அப்படின்னா கோலே போட மாட்டானா?" என்றார். போகட்டும்.

கோச்சுக்காக இவ்வளவு பேசினேனே தவிர எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. நாலு கோல் முன்னால் இருக்கிறார்கள், கடைசி க்வார்ட்டர், பத்து நிமிஷம் மீதி. அப்போதுகூட இளையவனை இறக்காமல் வேர்த்துக் கொட்டும் சீனியரையே நிறுத்துகிறவர் எப்போதுதான் இறக்குவார்? ஒரு கோல் வாங்கினால் என்ன, குடி முழுகியா போய்விடும்? அந்த நேரத்தில் உன்னைப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க அனுப்புகிறார்.

எழுதிவிட்டேன். இந்த வரியைக் கோடு போட்டு அடித்தாலும் நீ படித்துவிடுவாய்.

பார்த்தோம், தம்பி. கேமரா ஒரே இடத்தில் நின்றது என்றேனே, அது பெஞ்ச்சுக்கு நேர் எதிரே. அம்மா, "ஏங்க, இவன் ஏன் எல்லாருக்கும் தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கான்?" என்றாள். பொறுப்பான பையனிடம்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. உன் போன் வந்தபோது ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். ரெண்டு க்வார்ட்டர் ஆடினேன் என்று நீ சொன்னதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெஞ்ச்சில் உட்காருவது ஒரு குறையா? அதை மறைக்கிற அளவுக்கு இந்த வீட்டில் உன்னை யார் என்ன கேட்டுவிட்டார்கள்? ஸ்கோர் கேட்டுத்தான் சோறு போட்டோமா? செம்மண்ணில் முட்டி தேய்ந்து, அந்தப் புண்ணோடு மறுநாளும் பயிற்சிக்குப் போன பிள்ளை நீ. நான் "இன்றைக்கு வேண்டாம்" என்றபோதும் கேட்காமல் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போனாய். என் சர்வீஸில் அப்படி ஒரு பையனை நான் பார்த்ததில்லை. இதை உன்னிடம் சொன்னதில்லை, அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை எங்களிடம் பொய் சொன்னது எனக்குச் செரிக்கவில்லை.

நம் டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸை நினைத்துப் பார். 2013-இல் இந்தியாவுக்கு ஆடினார், அப்புறம் ஆளையே காணோம். 2017-இல்தான் திரும்பி வந்து நிலைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கும்போது வயது 28. பாரிஸில் கால் இறுதியில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்களே, நாம் இருவரும் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தோமே. நாற்பது நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேரோடுதான் ஆடினார்கள். பின்னால் நின்றவர்களில் ஜர்மன்பிரீத்துக்கும் சஞ்சய்க்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2. சஞ்சய்க்கு 23 வயதுதான். அவரை யாரோ ஒரு கோச் அதற்கு முன்பே பெரிய மேட்ச்களில் இறக்கித் தப்புச் செய்யவிட்டிருக்கிறார், இல்லையென்றால் அன்று அந்த நிதானம் வந்திருக்காது. இந்திய டீமில் இருந்த ரூபிந்தரும் லக்ராவும் 2021-இல் ஒரே நாளில் ஓய்வு அறிவித்தார்கள், இரண்டு பேரும் டிஃபெண்டர்கள். இளையவர்களுக்கு வழிவிடும் நேரம் என்று ரூபிந்தர் சொன்னார். எல்லா சீனியரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது, அவர்களுக்கும் வீடு, லோன் எல்லாம் இருக்கிறது.

மாப்பிள்ளை அங்கே ஐஸ் ஹாக்கி பார்க்கிறார். நம் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பந்துகூடக் கிடையாது, ரப்பர் வில்லை ஒன்றைத் தள்ளுகிறார்கள். ஆனால் இந்தச் சண்டை அங்கேயும் இருக்கிறதாம். ஒரு மேட்ச்சுக்குப் பெரும்பாலும் ஆறு டிஃபெண்டர்கள், இரண்டு இரண்டு பேராக மாறி மாறி இறங்குவார்கள். ஏழாவது ஆள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அந்த இடத்தில் இளம் பையனை உட்காரவைத்தால் ரசிகர்கள் கோச்சைத் திட்டித் தீர்ப்பார்களாம். அதனால் பல டீம்கள் அவனை ஏ.எச்.எல். என்கிற கீழ் லீகுக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே அவன் மேட்ச்சுக்கு மேட்ச் ஆடுவான், தப்புச் செய்வான், மறுபடி மேலே வருவான்.

எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. நீயும் கோச்சிடம் நேராகப் போய்க் கேள். "சார், எனக்கு என்ன குறை? இங்கே இடமில்லையென்றால் கீழ் டிவிஷன் லீகில் ஆட அனுமதி கொடுங்கள்" என்று. கெஞ்ச வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். சென்னையில் கீழ் டிவிஷனில் ஆடினால் கௌரவம் குறையும் என்று ஹாஸ்டலில் யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதே. உன் வயதில் உட்கார்ந்தே இருந்தால் கால் மறந்துவிடும். செம்மண்ணில் பழகிய உடம்பு செயற்கைப் புல் டர்ஃபில் தாழ்ந்து ஸ்டிக்கைப் படுக்கப் போட்டு டேக்கிள் செய்யப் பழக வேண்டும், அது மேட்ச்சில்தான் வரும். கோச்சிடம் நேராகக் கேள்.

இன்னொன்று. மைதானத்திலும் நீ பேசுவதில்லை. அண்டர்-17 காலத்திலிருந்தே உன்னிடம் சொல்கிறேன். உன் டேக்கிள் அந்த ரைட் பேக்கைவிட நன்றாக இருக்கலாம், ஆனால் பின்னால் நிற்கிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் முன்னால் நிற்கிறவனுக்கு முதுகில் என்ன வருகிறதென்று எப்படித் தெரியும்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது என்ன கத்துகிறார் என்று மட்டும் ஒரு மேட்ச் முழுக்கக் கவனி. கோச்சிடம் கேட்கும்போது இதையும் கேள். எப்படியும் கேள்.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு. வலிக்கு நீயாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதே. பிசியோவிடம் காட்டு.

அடுத்த மேட்ச் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் என்றாயே, தேதி என்ன? சேலத்திலிருந்து எழும்பூர் ரயிலில் வந்தால் அங்கிருந்து பக்கம்தான். அம்மா வருவதென்று முடிவு செய்துவிட்டாள், உன் டீமுக்கே தட்டுவடை கட்டப்போகிறாளாம். நீ இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வருவோம். பெர்த் கிடைக்க வேண்டும், அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் தேதியைச் சொல். மெசேஜ் போதாது, போன் பண்ணு, அம்மாவிடமும் பேசு.

அன்புடன்,
அப்பா